எழுந்திரு என்று சொல்லாத கூட்டம்

டெல்லியில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் "கடல்" என்பேன். கேட்டவர் சிரிப்பார். லோதி ரோட்டில் உட்கார்ந்துகொண்டு என்ன கடல்? ஆனால் உண்மை அதுதான். அலுவலகத்தில் என் மேசைத் திரையைத் திறந்தால் வங்காள விரிகுடாவின் மேற்குக் கரை விரியும். அதில் நகரும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு படகு. தமிழ்நாட்டு விசைப்படகுகளும் ஆந்திரத்துச் சிறுபடகுகளும் கலந்து கிடக்கும்.

அந்தப் படகுகளில் ஒரு கருவி இருக்கிறது. மீன்பிடிக்கப் போகிறவர்கள் குறித்த இடங்களில் அதைக் கயிற்றில் கட்டி அடித்தரை வரை இறக்குவார்கள். அங்கே தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அது அளந்து, படகு நிற்கும் இடத்தையும் சேர்த்து எங்களுக்கு அனுப்பிவிடும். சில பருவங்களில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கிப்போகும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அலை அலையாகத்தான் இருக்கும். கீழே நண்டுகூட நிற்க முடியாது. படகுக்காரர்கள் அதற்கு 'மூச்சில்லாத் தண்ணி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் வைத்திருக்கும் பெயர் இதைவிட நீளம், இதைவிட மோசம்.

ஒரு படகின் கருவி அப்படி ஒரு தண்ணீரைக் கண்டுபிடித்தால் இரு மாநிலப் படகுக்காரர்களின் கூட்டமைப்பில் இருக்கும் எல்லாப் படகுகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகும். வெறுந்தண்ணீரில் வலை போட்டு டீசலைக் கரியாக்காமல் திரும்பலாம். இந்த உதவிக்குப் பதிலாக ஒரே ஒரு விதி. மூச்சில்லாத் தண்ணீரின் விளிம்பில் யாரும் வலை போடக் கூடாது. ஏனென்றால் மூச்சுமுட்டி ஓடிவரும் மீனும் இறாலும் அந்த விளிம்பில்தான் வந்து குவியும். தப்பி ஓடும் வலுகூட இருக்காது. பெரிய படகு ஒன்று அங்கே வலையை இழுத்தால், அந்தக் கரையின் சிறுபடகுகளுக்கு அந்த வருஷம் மண்தான். நாங்கள் போட்ட விதி இல்லை இது. இரண்டு மாநிலத்துப் படகுக்காரர்களும் அவர்களாகவே பேசி முடிவு செய்தது. எங்களைப் போன்றவர்களின் வேலை செய்தியை அனுப்புவதும், நடுவில் மொழிபெயர்ப்பதும்தான். தமிழ் என் பொறுப்பு. தெலுங்குக்கு எங்கள் பிரிவில் ஒரு நண்பர் இருக்கிறார்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் மீன்பிடிக்கிற வீட்டுப் பெண். அப்பா நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் குப்பத்தில் பிறந்து, கப்பற்படையில் சேர்ந்து, பிறகு டெல்லியில் அரசாங்க வேலைக்கு வந்தவர். நான் வளர்ந்ததெல்லாம் இங்கேதான். டெல்லி வந்த புதிதில் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம் ஒன்று "உங்க ஊர்ல என்ன தொழில்?" என்று கேட்டிருக்கிறது. அம்மா உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு அந்த வீட்டு நவராத்திரிச் சுண்டல் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சுண்டல் போனால் போகிறது. ஆனால் அம்மா அன்றிலிருந்து எனக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தாள். ஊர் கேட்டால் "நாகப்பட்டினம் சைடு" என்று சொல், அதற்கு மேல் வாயைத் திறக்காதே. நான் திறக்கவில்லை. அந்தப் பாடம் எனக்குள் எந்த அளவுக்கு ஊறிவிட்டது என்றால், கடலைப் பற்றியே வேலை செய்யும் அலுவலகத்திலும் நான் நாகப்பட்டினம் சைடுதான். வஞ்சிரத்தை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கி, பையில் மேலே கறிவேப்பிலையைப் பரப்பிக்கொண்டு வருகிறவள் நான். இதில் பெருமையும் இல்லை, அறிவும் இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரிய படகு ஒன்றின் சொந்தக்காரர்தான் பிரச்சினையைக் கொண்டுவந்தார். அந்த மனிதர் படகை ஆந்திரக் கரை வரைக்கும் கொண்டுபோகிறவர். போன பருவத்தில் அங்கே கருவியை இறக்கியிருக்கிறார். மூச்சில்லாத் தண்ணீர். கருவி அளந்த எண் ஒழுங்காக எங்களுக்கு வந்துவிட்டது. நாங்களும் எல்லோருக்கும் செய்தி அனுப்பினோம். ஆந்திரத்துச் சிறுபடகுகள் விதியை மதித்துக் கரையிலேயே நின்றன. இவர் மட்டும் கருவியை மேலே இழுத்துவிட்டு, நேராக விளிம்புக்குப் போய் வலையைப் போட்டிருக்கிறார். கருவியை அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவருடைய புள்ளி அந்த விளிம்பிலேயே மேலும் கீழுமாக உழுதுகொண்டிருந்ததைக் கூட்டமைப்பில் இருந்த அத்தனை பேரும் தங்கள் கைபேசியில் பார்த்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். இவர் மறைக்கக்கூட முயலவில்லை, பூசணிக்காயைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அலுவலகத்தில் எல்லோரும் "உங்க தமிழ்நாட்டுக்காரர்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள். மானம் கப்பலேறியது. தமிழ்நாட்டுக்காரர் என்பதோடு நிற்கவில்லை அது. அந்த மனிதருடைய குப்பம் என் அப்பாவின் குப்பத்துக்கு இரண்டு குப்பம் தள்ளி. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

குளிர்காலத்தில் டெல்லியில் கூட்டம் போட்டார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்துப் படகுகளைக் கூட்டமைப்பிலிருந்து நீக்குவதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. நீக்கினால் கருவியும் போகும், செய்தியும் போகும். ஆந்திரத்திலிருந்து சிறுபடகுக்காரர்களின் தலைவர் வந்தார். தமிழ்நாட்டிலிருந்து, தப்பு செய்தவனே போகட்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்து அந்தப் படகுக்காரரையே அனுப்பிவிட்டது.

வாசலில் அனுமதிச் சீட்டு வாங்கி அவரை அழைத்துவர என்னைத்தான் அனுப்பினார்கள். ஐம்பதைத் தாண்டிய வயது, பெரிய மீசை. வேட்டிக்கு மேல் யாருடையதோ ஸ்வெட்டர், அதற்கு மேல் துண்டு. குனிந்த தலையோடு வருவார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் கப்பல் தலைவன் மாதிரி வந்தார். புகைமூட்டத்தில் எதிர்க் கட்டடம் தெரியாத நாள் அது.

"இங்க மனுசனுக்கே மூச்சு இல்லையே மேடம். இங்க குந்திக்கிட்டா மீனுக்கு மூச்சு இருக்கான்னு பாக்குறீங்க?" என்றார்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். வெளியே கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் குளிர் காய்ந்தார்.

"ஏங்க அப்படிப் பண்ணினீங்க?" என்று கேட்டேன்.

"என்னாத்த சொல்றது மேடம். மீனு கும்பலா வந்து நிக்கிது. கையால அள்ளலாம். எங்க அப்பன் காலத்துலேர்ந்து நான் அப்படி ஒரு மீனப் பாத்ததில்ல. புத்தி போயிடுச்சு. செஞ்சுபுட்டேன்." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "மேடத்துக்கு எந்த ஊரு?"

"டெல்லிதான்."

"பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சு மாதிரி வருதே."

"அப்பா நாகப்பட்டினம் சைடு. ரொம்ப நாளாச்சு," என்று சொல்லிவிட்டு, "ஜல்தி குடிங்க, கூட்டத்துக்கு நேரமாச்சு," என்றேன்.

கூட்டத்தில் ஆந்திரத் தலைவர் முதலில் பேசினார். குரலை உயர்த்தவில்லை. வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாத நாளிலும் எங்கள் பிள்ளைகள் விதிக்குக் கட்டுப்பட்டுக் கரையில் நின்றார்கள், இவர் வந்து துடைத்துக்கொண்டு போனார் என்றார். தெலுங்கு நண்பர் அதை ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே காது சூடானது.  மீசையைத் தடவிக்கொண்டிருந்த படகுக்காரரின் கை நின்றுவிட்டது.

எங்கள் இயக்குநர், நல்ல மனிதர், இந்திக்காரர், "உங்கள் தரப்பில் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

படகுக்காரர் எழுந்தார். ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அவ்வளவு பெரிய மேசையைச் சுற்றி நடந்துபோய், ஆந்திரத் தலைவருக்கு எதிரே, சக்கர நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, கம்பளத்தில் குப்புற விழுந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டிக் கூப்பியபடி அப்படியே கிடந்தார்.

எனக்கு அது என்னவென்று தெரியும். சின்ன வயதில் விடுமுறைக்குப் போயிருந்தபோது எங்கள் குப்பத்தில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். எல்லை மீறி வலை போட்டவரோ அடுத்தவர் வலையை அறுத்தவரோ ஊர் கூடியிருக்கும் இடத்தில் அப்படி விழ வேண்டும். விழுந்தவரை யாரும் தொட்டுத் தூக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் வாயால் "எழுந்திரு" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அந்த விஷயம் அதோடு முடிந்தது. பிறகு அதைப் பற்றி யாரும் வாயெடுக்கக் கூடாது. சொல்லாவிட்டால் முடியவில்லை. விழுவது அவமானம் இல்லை அங்கே. விழ மறுப்பதுதான் அவமானம்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் கம்பளத்தில் முகத்தைப் புதைத்துக் காத்திருந்தார். அந்த அறையில் அதை அறிந்தவள் நான் ஒருத்தி.

"அரே, அரே, யே க்யா?" என்று இயக்குநர் பதறி எழுந்தார். யாரோ நெஞ்சுவலி என்று நினைத்துத் தண்ணீர் கேட்டார்கள். டீத் தட்டோடு வந்த கேன்டீன் பையா கதவருகிலேயே நின்றுவிட்டார். ஒருவர் கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கப் பார்த்தார். ஏசி அறையில், அரசாங்கக் கம்பளத்தில், வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறி, வெடித்த குதிகால் தெரிய ஒரு மனிதர் கிடக்கிறார். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவருக்காகக் கூசியது என்று சொன்னால் பொய். எனக்காகத்தான். அவரோடு என்னையும் சேர்த்துக் கம்பளத்தில் பார்த்துவிடுவார்களோ என்று கூசியது.

"என்ன செய்கிறார் இவர்?" என்று இயக்குநர் என்னைக் கேட்டார்.

"கொஞ்சம் எமோஷனல் ஆகிவிட்டார், சார். இவங்க பழக்கம் இப்படித்தான்," என்றேன் ஆங்கிலத்தில். சின்னதாகச் சிரித்தும் வைத்தேன்.

நான் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள், நிம்மதியாக. ஆந்திரத் தலைவர் கிசுகிசுப்பாக ஏதோ கேட்க, தெலுங்கு நண்பர் குனிந்து அவரிடம் ஏதோ சொன்னார். தலைவர் குழப்பத்தோடு கையைக் கூப்பினார், அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அலுவலக ஊழியர் இருவர் ஆளுக்கொரு கையைப் பிடித்துப் படகுக்காரரைத் தூக்கினார்கள். அவர் உடனே எழவில்லை. உடம்பைக் கனமாக்கிக்கொண்டார். முகத்தை மட்டும் உயர்த்தி ஆந்திரத் தலைவரின் வாயையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் பேனாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். தூக்கி நிறுத்தி, நாற்காலியில் உட்கார வைத்து, பிஸ்கட் கொடுத்தார்கள்.

கூட்டம் நன்றாகவே முடிந்தது. தமிழ்நாட்டுப் படகுகளை நீக்க வேண்டாம், எச்சரிக்கை போதும் என்று ஒப்புக்கொண்டார்கள். இயக்குநருக்கு அவர் விழுந்தது மனதைத் தொட்டுவிட்டது. "எவ்வளவு எளிய மனிதர்கள்" என்று இரண்டு தடவை சொன்னார். நான் படகுக்காரரை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன்.  ஸ்வெட்டரைக் கையிலேயே வைத்திருந்தார். போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தோன்றியது. அதைக்கூடச் சொல்லவில்லை.

ராத்திரி சாப்பாட்டில் அம்மாவிடம் அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். டீ பையா நின்ற மாதிரி, இயக்குநர் பதறிய மாதிரி எல்லாம் செய்து காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை.

"எந்திரின்னு யாரு சொன்னா?"

"ஆபீஸ்ல தூக்கிவிட்டாங்கம்மா."

"தூக்கிவிட்டாங்களா?" என்றாள். கையில் இருந்த சோற்றைத் தட்டில் வைத்தாள். "நீ அங்கதானே இருந்த?"

நான் ரசத்தை எடுத்து ஊற்றிக்கொண்டேன். அம்மா மறுபடி கேட்கவில்லை. வாயைத் திறக்காதே என்று சொல்லிக் கொடுத்தவளும் அவள்தானே என்று எனக்குள் ஒரு கோபம் எழுந்தது. அந்தக் கோபம் எனக்கு வசதியாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவருடைய புள்ளி நகரவில்லை. மற்றப் படகுகள் போய் வந்துகொண்டிருந்தன. அவருடையது மட்டும் கரையில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவர் வழக்கமாகக் கருவி இறக்கும் இடங்களிலிருந்து எண் வரவில்லை. அந்தப் பக்கத்துக் கடலின் அடியில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போனது. முதலில் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன், அல்லது அப்படி நினைக்க ஆசைப்பட்டேன். இயக்குநர் கேட்டுப் பார்க்கச் சொன்ன பிறகு வேறு வழியில்லாமல் அவரைக் கூப்பிட்டேன்.

"கருவி நல்லாத்தாங்க இருக்கு. நாந்தான் போகல," என்றார். குரலில் பழைய தோரணை இல்லை. "இருங்க, எங்க ஊருத் தலைவர் இருக்காரு, அவருகிட்ட குடுக்குறேன்."

தலைவர் வயதானவர். பொறுமையாகப் பேசினார். "உங்களுக்கு இது தெரியாது மேடம். எங்கள்ல ஒரு பழக்கம் உண்டு," என்று ஆரம்பித்தார். விழுவது, யாரும் தொடாதது, பாதிக்கப்பட்டவர் எழுந்திரு என்று சொல்வது எல்லாவற்றையும் எனக்கு, ஒன்றும் அறியாத பட்டணத்துப் பெண்ணுக்குச் சொல்வதுபோல், அழகாக விளக்கினார். நான் "ஓ", "அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டேன்.

"இவன் திரும்பி வந்ததும் சபையில கேட்டோம், அந்த ஆளு எந்திரின்னு சொன்னாரான்னு. சொன்னாருன்னு ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தா நாங்க என்ன டெல்லிக்கா வந்து பாக்கப் போறோம்? சொல்லலன்னான். அப்போ தப்பு தீரலயே. தீராம கடலுக்குப் போகக் கூடாது. அவன் படகுல போற ஆளுங்களுக்கும் வேலை இல்ல. ஒண்ணு ரெண்டு பேரு வேற படகுல தொத்திக்கிட்டாங்க, மத்தவங்க சும்மாத்தான் கெடக்குறாங்க. பொஞ்சாதி நகை அடகுக்குப் போயிடுச்சு. உங்க மேல தப்பில்ல மேடம். பாவம், உங்களுக்கு எப்படித் தெரியும்?"

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வலிக்கிறது என்று கத்தவும் முடியாது. எனக்குத் தெரியும் தலைவரே என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்பதும் எனக்குத் தெரியும். "நான் பார்க்கிறேங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலையில் இறங்கினேன். முதலில் இயக்குநரிடம் போனேன். "அதுதான் அன்றைக்கே முடித்துவிட்டோமே, மன்னித்தாகிவிட்டதே?" என்றார். மன்னித்தது நாம், அவர்கள் இல்லை என்று விளக்கினேன். ஊர்த் தலைவர் எனக்கு விளக்கியதை அப்படியே, அவரிடம்தான் தெரிந்துகொண்டதாக, சொன்னேன். இயக்குநர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அன்றைக்கே யாராவது இதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்றார். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிறகு தெலுங்கு நண்பர் ஆந்திரத் தலைவரைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் பேசிவிட்டு நண்பர் போனை வைத்தார்.

"அவருக்கு வருத்தம். அவர்கள் பக்கத்திலும் இதேபோல் ஒரு வழக்கம் இருக்கிறதாம். அன்றைக்கே என்னிடம் கேட்டார், இவர் எங்கள் ஆட்களைப்போலத் தப்பை ஒப்புக்கொண்டு விழுகிறாரா, நான் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று."

"நீங்க என்ன சொன்னீங்க?"

நண்பர் என்னைப் பார்த்தார். "நீங்கள் சொன்னதைத்தான். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார், ஒன்றுமில்லை என்று."

கேட்டிருக்கிறார் அந்த மனிதர். ஒரு கரையில் ஒருவர் வார்த்தைக்காகக் கிடந்தார், மறு கரையில் ஒருவர் அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு, சொல்லலாமா என்று கேட்டார். நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். மூச்சில்லாத் தண்ணீர் என்று கடலில் தேடிக்கொண்டிருக்கிறோம். அன்று நண்பர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒரு பகல் வேளையில் காணொளி அழைப்புக்கு ஏற்பாடு செய்தோம். அன்று காலை வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். எல்லாம் முடிந்ததும் சொல்லிவிட வேண்டும். நானும் அந்தக் கடற்கரைதான், இன்ன குப்பத்தில் இன்னார் பேத்தி, அன்றைக்கு எனக்குத் தெரிந்துதான் இருந்தது, வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன், மன்னித்துவிடுங்கள் என்று. பேருந்தில் வரும்போது அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

சின்ன அறையில் நானும் தெலுங்கு நண்பரும் மட்டும். திரையின் ஒரு பாதியில் ஆந்திரத் தலைவர், தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு பாதியில் எங்கள் பக்கத்துக் கடற்கரை. கைபேசியை ஏதோ ஒரு பெட்டி மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். பஞ்சாயத்தார் வரிசையாக மணலில் உட்கார்ந்திருந்தார்கள். காற்று இரைச்சலில் பாதிப் பேச்சு கேட்கவில்லை.

படகுக்காரர் வந்தார். இடுப்பில் துண்டு. கைபேசியை நோக்கி மணலில் விழுந்தார்.

ஆந்திரத் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "லேவய்யா, லே!" என்றார். 

நண்பர் மொழிபெயர்க்கும்வரை நான் காத்திருக்கவில்லை. "எழுந்திருங்கன்னு சொல்றாங்க!" என்று மைக்கில் கத்தினேன். அந்த அறைக்கு அது ரொம்பச் சத்தம். யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவர் எழுந்தார். மணலைத் தட்டிவிடாமல் திரும்பிச் சபையைக் கும்பிட்டார். ஊர்த் தலைவர், "தீந்துது. இனிமே இதப் பத்தி யாரும் பேசக் கூடாது. பேசுனா பேசுனவங்களுக்கு அபராதம்," என்று சபைக்குச் சொன்னார். நான் அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன், நண்பர் தெலுங்கில் சொன்னார், ஆந்திரத் தலைவர் சிரித்துத் தலையாட்டினார்.

இப்போதுதான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். "ஒரு நிமிஷங்க. அன்னைக்கு அந்தக் கூட்டத்துல நான் வந்து..."

ஊர்த் தலைவர் கையை உயர்த்தினார். "மேடம், அபராதம் கட்டுறீங்களா?" என்றார். சபையே சிரித்தது. நல்ல சிரிப்பு, என்னையும் சேர்த்துக்கொண்ட சிரிப்பு. "தீந்ததுன்னா தீந்ததுதான். உங்களுக்கும் சேத்துத்தான்."

நான் வாயைத் திறந்தபடி இருந்தேன். அதற்குள் படகுக்காரர் கைபேசியைக் கையில் எடுத்துவிட்டார். திரை முழுக்க அவர் முகம். நெற்றியிலும் மீசையிலும் மணல். கண் கலங்கியிருந்தது. கடலுக்குப் போகப் போகிற மனிதரின் சந்தோஷம் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"உங்களத்தான் ரொம்ப அலைக்கழிச்சுட்டோம் மேடம்," என்றார். "எங்க ஆளுங்க பழக்கம் இப்படித்தான். வெளியாளுங்களுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்? அன்னைக்கி ஆபீஸ்ல நான் அப்படி விழுந்து உங்களத் தலைகுனிய வச்சுட்டேன். அத மனசுல வச்சுக்காதீங்க, மன்னிச்சுடுங்க."

"பரவாயில்லைங்க," என்றேன்.